உங்கை என்ற திசை

1

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசிக்கு நேர் மேலே சுவர் மணிக்கூடு. லைன் இரைந்த இரைச்சலில் அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். மறுமுனையில், புத்தூர்ச் சந்திக் கூட்டுறவுச் சங்கக்கடைப் போனில், என் மகள் வதனி. பதின்மூன்று வயது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவள்.

"பிள்ளை, உங்கை நில். அம்மா பஸ்ஸிலை வாறன். விளங்குதோ? உங்கை நில்."

"ஓம் அம்மா!"

அந்த 'ஓம்' ஒரு துள்ளலோடு வந்தது. வெளியே பஸ் புறப்பட இரைந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஓடினேன்.

வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இந்தப் பத்திரிகை கேட்டு நாளாகிவிட்டது. பனியைப் பற்றியும், ரயிலைப் பற்றியும், கறித்தூள் கிடைக்கிற கடையைப் பற்றியும் மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது கோபம் மட்டும். ஆடி மாதம் நடந்ததை இப்போது மார்கழியில் எழுத உட்காரும்போதும் அது ஆறவில்லை.

2

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "ஒரு ஆய்வுகூடத்திலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை தப்ப முடியாது.

நயோபியம் என்று ஒரு உலோகம் உண்டு. அதை ஒரே பளிங்காக வளர்த்து, புளியங்கொட்டை அளவில் உருண்டையாக்கி வைத்திருக்கிறோம். திரவ ஈலியத்தில் அமிழ்த்தினால், மார்கழிப் பனியைக் குளிர் என்று சொல்லவே வெட்கப்படும் அளவுக்கு ஒரு குளிரில், அது மீகடத்தி ஆகிறது. மின்னோட்டத்துக்குத் தடையே இல்லை. காந்தப் புலத்தை அருகே கொண்டுபோனால் உள்ளே விடாமல் வெளியே தள்ளும். தள்ளுவதற்காகத் தானே எதிர்ப்பக்கமாகக் காந்தமாகும். புலத்தைக் கூட்டிக்கொண்டு போக, ஒரு கட்டத்தில் மெல்லிய இழைகளாக உள்ளே விடத் தொடங்கும். இன்னும் கூட்டினால் முழுதாகத் தோற்றுச் சாதாரண உலோகமாகிவிடும். அது எவ்வளவு எதிர்க்கிறது, எந்த இடத்தில் தோற்கிறது என்று அளப்பதுதான் என் தொழில்.

பளிங்குக்குள் அணுக்கள் சீனிக்கட்டிகளை அடுக்கிய மாதிரி ஒழுங்காக இருக்கின்றன. எளிய கணக்கின்படி, எந்தத் திசையால் புலத்தைக் கொடுத்தாலும் ஒரே பதில்தான் வரவேண்டும். வருவதில்லை. கட்டியின் விளிம்பு வழியே கொடுத்தால் விரைவில் தோற்கிறது. ஒரு மூலையிலிருந்து கட்டியின் வயிற்றுக்குள்ளால் எதிர்மூலைக்குக் கொடுத்தால் கடைசிவரை நின்று பிடிக்கிறது. ஒரு முகத்தின் குறுக்கே மூலைக்கு மூலை கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில். அதே உருண்டை, அதே குளிர், அதே காந்தம். திருப்பிப் பிடித்ததுதான் வித்தியாசம்.

இந்தத் திசைகளுக்கு விஞ்ஞானத்தில் எண்பெயர்கள் உண்டு. நானோ உருண்டையைத் திருப்பும் தண்டில் இ, உ, அ என்று ஊசியால் கீறி வைத்திருக்கிறேன். இஞ்சை, உங்கை, அங்கை. கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: இஞ்சை என்றால் கதைக்கிற எனக்குப் பக்கத்தில். அங்கை என்றால் இரண்டு பேருக்கும் தூரத்தில். உங்கை என்றால் கேட்கிற உனக்குப் பக்கத்தில்.

எங்கள் குழுத் தலைவர் பெரிய மனிதர். பெரிய மனிதர்களுக்கு அவசரம் அதிகம். "விளிம்பையும் உள்மூலையையும் அளந்தால் போதும். நடுவில் இருப்பதை அந்த இரண்டிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம்" என்றார். நான் நடுத்திசையையும், அந்த 'உ'வையும், அளந்தேன். கணக்குச் சொன்ன இடத்தில் அது இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. உருண்டையைக் கழற்றிப் பூட்டி மறுபடி அளந்தாலும் அதே இடத்தில் தள்ளி நின்றது. கொண்டுபோய்க் காட்டினேன். "உபகரணக் கோளாறாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். கட்டுரை இரண்டு திசைகளோடு அச்சேறியது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையோடு.

3

போன கிழமை தமிழ் வகுப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவாம், பெற்றோர் சார்பில் ஒரு வாழ்த்துரை வேண்டுமாம். படித்தவுடன் எரிந்த எரிச்சலில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

வகுப்பு சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகள் கையுறையோடு 'அம்மா ஆடு' எழுதுவார்கள். படிப்பிக்கிற மாஸ்டரும் எங்கள் பக்கத்து ஆள்தான், கோப்பாயில் பிறந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் வதனி வீட்டுப் பாடத்தில் 'உது என்ரை புத்தகம்' என்று எழுதிக் கொண்டுபோனாள். 'என்ரை'யைத் திருத்தியது சரி, எழுதும்போது 'என்' என்று எழுதட்டும். 'உது'வையும் சிவப்பு மையால் வெட்டி 'அது' என்று போட்டிருந்தார். வகுப்பு முடிகிற நேரம் போய் அவரை மறித்தேன்.

"மாஸ்டர், உது பிழையே?"

"புத்தகத்திலை அது, இது ரெண்டுதான் இருக்குத் தங்கச்சி. மதராசிலை அடிச்ச புத்தகம்."

"நீங்கள் வீட்டிலை என்னெண்டு கதைக்கிறனீங்கள்?"

"வீட்டிலை ஆயிரம் கதைப்பம். உதெல்லாம் பிள்ளையளுக்குப் படிப்பிக்கேலுமே?"

"இப்ப 'உதெல்லாம்' எண்டனீங்கள்."

சிரித்தார். "நல்லாப் பிடிச்சிட்டியள்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் வெட்டினார். சுட்டெழுத்து மூன்று என்று இலக்கண வகுப்பில் பிரம்போடு நின்று எங்களைப் பாடமாக்க வைத்தார்களே, அந்த வகுப்புகளில் இவரும் இருந்திருப்பார்தானே? பிள்ளைகளுக்கு இரண்டு போதும் என்று யார் இவரிடம் சொன்னார்கள்? உலகத்தில் எல்லோருக்கும் மூன்றை இரண்டாக்கினால்தான் நித்திரை வருகிறது.

பிள்ளையிடமிருந்து அந்த எழுத்து மெல்ல மெல்லப் போனது. வீட்டில் நான் "உதை எடு" என்றால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு எனக்கே பாடம் எடுத்தாள்: "அம்மா, அப்படி ஒரு சொல் இல்லை. மாஸ்டர் சொன்னவர்." அவளுடைய அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

எங்கள் வீட்டில் 'அங்கை' என்றால் ஒரே ஒரு இடம்தான்: உடுப்பிட்டியில் நான் பிறந்த வீடு. "அங்கை உப்பிடிச் சாப்பாட்டை வீசினால் முதுகு பழுக்கும்." "அங்கை இப்ப நல்ல மழை." இப்படிச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு வதனியின் தலையில் ஒரு விலாசமே ஒட்டிவிட்டது. வேலியும் படலைக் கதவும் உள்ள விலாசம்.

அந்த வீட்டிலிருந்து நான் ஒன்றும் கண்ணீரோடு பிரியவில்லை. ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பா கொழும்பில் அரசாங்க அலுவலகத்தில் லிகிதர். சிங்களச் சோதனை எழுதாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்றார்கள். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு நேரத்துக்கு முன்னரே ஓய்வு எடுத்து வந்து, அந்த விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கதிரையிலிருந்து எங்கள் எல்லோரையும் ஏசிக்கொண்டே செத்துப்போனார். ஒரு மொழி போதும் என்று கொழும்பில் யாரோ தீர்மானித்ததன் முழுப் பாரத்தையும் அம்மாவும் நாங்களும்தான் வாங்கினோம்.

பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இவரைச் சந்தித்தேன். கடற்கரைப் பக்கத்து ஆள், வேறு சாதி, தகப்பனும் பாட்டனும் கப்பலில் போனவர்கள். உடுப்பிட்டி வீட்டில் இருக்கிற என் அண்ணைக்குச் செய்தி போனது. "கடல்காரனைக் கட்டினால் இந்தப் படலையை மறந்துவிடு" என்றார். கட்டினேன். மறக்கவில்லை, ஆனால் திறக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அண்ணை என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. ஊருக்கு வந்தால் நாங்கள் தங்குவது புத்தூரில் மச்சாள் வீட்டில். மச்சாள் என்றால் இவருடைய தங்கை. அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இந்த ஆடியில் நானும் வதனியும் மட்டும் வந்து தங்கினோம்.

"எப்ப அம்மா அங்கை போவம்?" என்று வதனி கேட்பாள்.

"பாப்பம்."

ஒவ்வொரு முறையும் 'பாப்பம்'. ஏன் போகவில்லை என்று ஒரு பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்வது? ஆங்கிலத்தில் சொன்னால் நாங்கள் காட்டுமிராண்டிகள் போல இருக்கிறது. தமிழில் சொன்னால் அது நியாயம் போல இருக்கிறது.

5

அன்று அந்தக் கல்லூரியில் பௌதிக மாணவிகளுக்கு என் பளிங்கைப் பற்றிப் பேசினேன். கரும்பலகையில் சீனிக்கட்டியைக் கீறி, மூன்று கோடு போட்டு, இ, உ, அ என்று எழுதினேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இங்கிலாந்தில் விளக்க வேண்டியது எதையும் அங்கே விளக்க வேண்டியிருக்கவில்லை. நடுத்திசையைக் கைவிட்ட குழுத் தலைவரைப் பற்றிச் சொன்னதும் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "அப்ப உவருக்கு உ தெரியாது மிஸ்!" என்றாள். எனக்குப் பட்டம் கிடைத்த நாளிலும் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை. அந்தச் சந்தோசத்தோடுதான் அலுவலகத்துக்கு வந்து போன் எடுத்தேன்.

புத்தூரில் இறங்கினேன். மச்சாள் வீட்டுப் படலையில் நின்றாள்.

"பிள்ளை எங்கை?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"உங்களோடை எல்லோ?" என்றாள் மச்சாள். "அம்மா வரச் சொன்னவ எண்டு நல்ல சட்டை மாத்திக்கொண்டு ஓடினவள். சந்தியிலை உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள் எண்டெல்லோ நான் இருந்தன்."

சந்தியில் இல்லை. சங்கக்கடை பூட்டிக்கிடந்தது, மனேச்சர் எங்கேயோ போய்விட்டார். பக்கத்துத் தையல் கடைக்காரர் எதையும் காணவில்லை.

இந்த ஆடியில் அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவசரகாலச் சட்டம். வீதியில் ஜீப். காலையில் வெளிக்கிட்ட பிள்ளை பின்னேரம் வராவிட்டால் தாய்மார் ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்து அறிந்துகொள்வார்கள். என் பிள்ளைக்கு வீதியை எந்தப் பக்கம் பார்த்துக் கடப்பது என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜீப்பைக் கண்டால் கை காட்டக்கூடியவள்.

பொலிசுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார், சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"நீங்கள் சொன்னதுதான்."

"தமிழில் எழுதித் தாருங்கள்."

"தமிழ் எழுதுகிறவர் லீவு."

யாழ்ப்பாணத்தில்! தமிழ் எழுதுகிறவர் லீவு! அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து ஏசிய ஏச்செல்லாம் என் தொண்டைக்கு வந்தது. மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பிள்ளை வேண்டும். கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளை பிறந்த இடம் கேட்டார். சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா? அதை முதலே சொல்லியிருக்கலாமே மிஸிஸ். உட்காருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை." அதுவரை இல்லாத கதிரை ஒன்று எங்கிருந்தோ வந்தது.

வெளியே வந்ததும் மச்சாள் மெல்லச் சொன்னாள்: "அப்ப எங்கடை பிள்ளையள் எண்டால் பயப்படத்தான் வேணும் எண்டுறார்."

6

வெயில் சாயும் நேரம் சங்கக்கடை மனேச்சர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், பகிடிக்காரர். நான் ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன்.

"அண்ணை, போன் கதைச்ச பிறகு பிள்ளை எங்கை போனவ?"

"ஏன், நீங்கள்தானே வரச் சொன்னது? போனை வைச்சிட்டு 'அங்கை போற பஸ் எது?' எண்டு கேட்டுது. 'அங்கை எண்டால் எங்கை பிள்ளை, லண்டனோ?' எண்டன். 'இல்லை, உடுப்பிட்டி. அம்மா அங்கை நிக்கச் சொன்னவ, அம்மாவும் வாறா' எண்டுது. வீட்டை ஓடிப்போய் உடுப்பு மாத்திக்கொண்டு வந்தது. நான்தானே பஸ்ஸை மறிச்சு ஏத்திவிட்டனான். கொண்டக்டரிட்டையும் சொன்னனான், கவனமா இறக்கிவிடு எண்டு."

"ஆரைக் கேட்டு ஏத்தினீங்கள்?" சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"தாய் கூப்பிட்டவ எண்டு பிள்ளை சொல்லுது. நான் வேறை ஆரைக் கேக்கிறது தங்கச்சி?"

நான் ஹாண்டிலை விட்டேன். உங்கை நில் என்று நான் சொன்னதை, அந்த எழுத்து வெட்டப்பட்ட பிள்ளை, தனக்குத் தெரிந்த இரண்டில் ஒன்றாக மாற்றிக் கேட்டிருக்கிறாள். இஞ்சை இல்லை, ஆகவே அங்கை. அங்கை என்றால் உடுப்பிட்டி. பிறந்த நாள் தொட்டுக் கேட்ட இடத்துக்கு அம்மா கடைசியில் கூட்டிப்போகிறா. துள்ளல் அதற்குத்தான்.

உடுப்பிட்டிக்கு வல்லை என்ற வெட்டவெளியைக் கடந்துதான் போகவேண்டும். சந்தியில் நின்ற ஒரேயொரு வாடகைக் கார்க்காரரிடம் போனேன். "வல்லை வெளியாலை இந்த நேரம் போகேலாதம்மா. ஆமி மறிச்சு வைச்சிருக்கிறான். விடிய வெள்ளன வாங்கோ" என்றார். விடிய! நடந்தே போகிறேன் என்றேன். மச்சாள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பிள்ளை வல்லையில் இறங்கியிருப்பாளா, இறக்கப்பட்டிருப்பாளா? வீட்டைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படலை திறக்குமா? ஆமிக்காரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அண்ணை என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவனையும் துவக்கு வைத்திருப்பவனையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்பட வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட ஊர் இது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. வாசிக்க உங்களுக்கு வெட்கமாக இருக்கட்டும்.

உடுப்பு மாற்றினேன். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். ஏன் நல்ல சேலை என்று மச்சாள் கேட்கவில்லை. கார் இல்லாவிட்டால் சைக்கிள், சைக்கிள் இல்லாவிட்டால் கால் என்று படலைக்கு வந்தேன்.

7

அப்போது ஒரு கார் வந்து வேலிக்கு வெளியே நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு வதனி குதித்தாள். நான் அடித்தேனா அணைத்தேனா என்பதை மச்சாளிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் என்றாள் பிறகு.

காரை ஓட்டிவந்தவர் இறங்கிப் படலைக்கு அந்தப் பக்கத்தில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் கேட்டிருக்காவிட்டால் அண்ணை என்று அறிந்திருக்க மாட்டேன். என்னைப் பார்க்கவில்லை. மச்சாளைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கடை அப்பாவின்ரை பேரைச் சொல்லி விசாரிச்சுக்கொண்டு தன்பாட்டிலை வந்தவ. வரேக்கை வல்லையிலை மறிச்சவங்கள். இவ இங்கிலீசிலை கதைச்சவ, விட்டிட்டாங்கள்."

"பெரிய உபகாரம்" என்றாள் மச்சாள். "உள்ளை வாங்கோவன். களைச்சுப்போய் வந்திருக்கிறியள். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேண்டாம், வேண்டாம். இப்பதான் வீட்டிலை பிள்ளையோடை இருந்து குடிச்சிட்டு வெளிக்கிட்டனான்."

அந்த 'வேண்டாம்' எந்த வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியும். மச்சாளிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் புத்தூர் முழுக்க இருக்கிறார்கள். கடற்கரைக் குடும்பத்துப் பெண் என்பதால் அவள் கையால் என் அண்ணை வாய் நனைக்க மாட்டார். ஆமியைத் தாண்டி வந்தவருக்கு அந்தப் படலையைத் தாண்ட முடியவில்லை. மச்சாள் பழகிய சிரிப்பு ஒன்றைச் சிரித்துக்கொண்டு "அதுக்கென்ன" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அன்று முழுவதும் நான் விழுங்கிவைத்திருந்த எல்லாம் வாய்க்கு வந்தது.

என்னை முந்திக்கொண்டு வதனி அவருடைய கையைப் பிடித்தாள். அவளுக்கு அதில் எந்தக் குத்தலும் இல்லை. மாமா மறந்துபோனார் என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள்.

"இல்லை மாமா, நீங்கள் குடிக்கேல்லை. மாமி எனக்கு மட்டும்தான் தந்தவ. நீங்கள் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு நிண்டனீங்கள்."